பலவீனம் வடக்கில் இல்லை

கொரியத் தொடர்கள் பார்ப்பவர்களிடம் ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ பற்றிப் பேச்செடுத்தால் ஏறக்குறைய ஒரே தீர்ப்புதான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. ஹ்யுன் பின்னும் சோன் யே-ஜின்னும்தான் அந்தத் தொடர். அவர்கள் சேர்ந்து வரும் காட்சிகளுக்காகவே பதினாறு எபிசோடுகளையும் பார்க்கலாம். வடகொரியக் கிராமத்துப் பெண்கள் வரும் பகுதிகள் இழுவை, ஓட்டிவிட்டாலும் நஷ்டமில்லை. தவிர, உலகின் மிகக் கொடிய ஆட்சிகளில் ஒன்று நடக்கும் நாட்டை வெள்ளந்தி மனிதர்களின் கிராமமாகக் காட்டியது பெரிய பொய். கதை சியோலுக்கு வந்த பிறகுதான் விறுவிறுப்பு. முடிவு மட்டும் சப்பென்று ஆகிவிட்டது.

இப்படிச் சொல்பவர்கள் தொடரை வெறுப்பவர்கள் இல்லை. பெரும்பாலோர் அதை நேசிப்பவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்தவர்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓர் ஆதாரமும் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்தத் தீர்ப்பு தலைகீழானது என்றே சொல்வேன். தொடரின் பலம் முழுவதும் அந்த மின்சாரமில்லாத கிராமத்தில் இருக்கிறது. கதை தெற்கே வந்ததும் பலவீனம் தொடங்குகிறது. பதவியும் பணமும் எந்த முடிச்சையும் அவிழ்த்துவிடும் என்கிற நம்பிக்கைதான் அந்தப் பலவீனம். வடகொரியாவை அழகாகக் காட்டியதைவிட இது பெரிய குற்றம்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சில தகவல்கள். 2019 டிசம்பர் 14 முதல் 2020 பிப்ரவரி 16 வரை தென்கொரியாவின் டிவிஎன் கேபிள் சேனலில் ஒளிபரப்பானது. எழுதியவர் பார்க் ஜி-யுன், இயக்கியவர் லீ ஜொங்-ஹ்யோ. கடைசி எபிசோடு 21.7 சதவீதப் பார்வையாளர்களைப் பெற்றது. அதுவரை அந்தச் சேனலில் எந்தத் தொடரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. நெட்பிளிக்ஸ் வழியாக உலகம் முழுக்கப் போனது. பெரும் தொழில் குடும்பத்துப் பெண் யூன் செ-ரி பாராகிளைடிங் செய்யும்போது சூறைக்காற்றில் சிக்கி, இரு கொரியாக்களுக்கும் இடையிலுள்ள ராணுவமற்ற பகுதியில் விழுகிறாள். தப்பித்து ஓடும்போது திசை மாறி வடக்கே போய்விடுகிறாள். எல்லைக் காவல் படையின் கேப்டன் ரி ஜொங்-ஹ்யொக் அவளைத் தன் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறான். 2008இல் ஒரு தென்கொரிய நடிகை போன படகு கடல் எல்லைக்கருகே வழி தவறிய சம்பவம்தான் இந்தக் கதைக்குப் பொறி.

1. ஜோடிதான் எல்லாம் என்றால் 2018இல் என்ன ஆயிற்று?

இதே ஹ்யுன் பின், இதே சோன் யே-ஜின் 2018இல் ‘தி நெகோஷியேஷன்’ என்ற படத்தில் நடித்தார்கள். அவர் ஆட்களைக் கடத்திவைத்திருப்பவர், இவர் பேச்சுவார்த்தை நடத்தும் போலீஸ் அதிகாரி. படத்தின் பெரும்பகுதி இருவரும் திரை வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் படத்துக்காக யாரும் உருகவில்லை, தொகுப்பு வீடியோ போடவில்லை. அது காதல் படமில்லையே என்பார்கள். நான் சொல்வதும் அதைத்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கதை கொடுக்காததை நடிகர்கள் எங்கிருந்தோ கொண்டுவர முடியாது.

இந்தத் தொடரில் கதை அவர்களுக்கு என்ன கொடுத்தது என்று பாருங்கள். செ-ரிக்குக் குளிக்க வேண்டும். குழாயைத் திருகினால் வெந்நீர் வரும் வீட்டில் வளர்ந்தவள். ஜொங்-ஹ்யொக் அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்துத் தொட்டியில் ஊற்றுகிறான். சூடு ஆறாமல் இருக்கத் தொட்டிக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பைக் கூடாரம்போலக் கட்டுகிறான். அவள் பசி என்றால் மாவு பிசைந்து நூடுல்ஸ் பிழிகிறான். காபி கேட்டால் பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, வடிகட்டித் தருகிறான். ஒரு சொல் காதல் இல்லை. பட்டனை அழுத்தினால் கிடைக்கிற பொருள் ஒவ்வொன்றும் இங்கே ஒரு மனிதனின் அரை மணி நேர உழைப்பாக மாறுகிறது. அந்த உழைப்பை அவள் பார்க்கிறாள், நாமும் பார்க்கிறோம். காதல் அங்கேதான் விளைகிறது.

தொடரில் அதிகம் பகிரப்பட்ட காட்சி நான்காவது எபிசோடின் முடிவில் வருகிறது. சந்தையில் இருட்டில் வழி தெரியாமல் செ-ரி நிற்கிறாள். கூட்டத்துக்கு நடுவே ஒருவன் கையை உயர்த்தி மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு அவளைத் தேடுகிறான். முன்பு அவள் வாசனை மெழுகுவத்தி கேட்டபோது, அப்படியொரு பொருள் இருப்பதே தெரியாமல், மின்வெட்டுக்கு ஏற்றும் சாதா மெழுகுவத்தியை வாங்கிவந்து கொடுத்தவன் அவன். இந்த முறை வாசனை மெழுகுவத்தியைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறான். முதலில் சிரிக்கவைத்த அதே பொருள் இரண்டாம் முறை தொண்டையை அடைக்கிறது. இது நடிகர்களின் முகத்தால் மட்டும் வருவதில்லை. ஆளுக்கு ஒரு மெழுகுவத்தி எப்போதும் தேவைப்படுகிற ஊர் இல்லாமல் இந்தக் காட்சியே கிடையாது. தெருவிளக்கு எரியும் சியோலில் அவன் அதே மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்தால் அது வெறும் அலங்காரம்.

ஜோடியைப் புகழ்ந்துவிட்டுக் கிராமத்தை இழுவை என்பவர்கள், பிடித்த விளைவை எடுத்துக்கொண்டு அதன் காரணத்தைத் தூக்கி எறிகிறார்கள்.

2. கிராமத்துப் பெண்கள் யாருடைய நேரத்தை வீணாக்கினார்கள்?

நான்கு பெண்கள். சீனியர் கர்னலின் மனைவி மா யொங்-ஏ. குடியிருப்புக் குழுத் தலைவி நா வொல்-சுக். முடிதிருத்தும் யாங் ஓக்-கும். ஒட்டுக்கேட்பு ஊழியனின் மனைவி ஹ்யொன் மியொங்-சுன். நால்வரையும் ‘வம்பு பேசும் அண்டை வீட்டுக்காரிகள்’ என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுவது பெரும்பாலான விமர்சனங்களின் வழக்கம்.

வொல்-சுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரிப்ளை 1988’இல் நாம் மறக்க முடியாத அம்மாவாக வந்த கிம் சுன்-யொங் இந்த வேடத்தில் நடித்திருக்கிறார். புதிதாக ஒருத்தி கேப்டன் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்றதும் இவள் மூக்கை நீட்டுகிறாள், கதவைத் தட்டுகிறாள், கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள். நமக்குச் சிரிப்பு வருகிறது. வடகொரியாவில் இருபது முதல் நாற்பது வீடுகளுக்கு ஓர் ‘இன்மின்பான்’ உண்டு. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் அனுமதியில்லாமல் இரவு தங்கினார்கள் என்று கவனித்து மேலே சொல்வது அதன் தலைவியின் கடமை. ஆக, அவள் மூக்கை நீட்டுவது குணமல்ல, உத்தியோகம். அரசின் கண்காணிப்பு ஏணியில் கடைசிப் படி அவள். அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குச் செ-ரி தப்பாகப் பதில் சொன்னால் ஒரு வீட்டில் உள்ள அத்தனை பேரின் கதையும் முடிந்தது. காமெடி அந்தப் பயத்தின் மேல்தான் நடக்கிறது. எபிசோடுகள் போகப்போக, உளவு பார்க்கும் கடமையாகத் தொடங்கிய வொல்-சுக்கின் ஆர்வம் அக்கறையாக மாறுகிறது. ஒரே செயல், ஒரே கதவுத் தட்டல், ஆனால் பொருள் முற்றிலும் வேறு. இதைச் செய்ய ஒரு எழுத்தாளருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் இழுவை என்கிறார்கள்.

செ-ரி யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. குழந்தையாக இருக்கும்போது கடற்கரையில் விடப்பட்டவள். சாப்பாட்டை மூன்று வாய்க்கு மேல் தொடாதவள். சாவதற்கு வழி தேடி ஸ்விட்சர்லாந்துவரை போனவள். அவளுடைய சியோல் வீட்டில் யாரும் அழைக்காமல் வந்து கதவைத் தட்டியதில்லை. வடகொரியக் கிராமத்தில் யாரும் அழைத்துவிட்டு வருவதில்லை. குளிர்காலத்துக்காக எல்லோரும் சேர்ந்து கிம்ச்சி போடும் நாளில் அவளும் ஒரு கை கொடுக்க நேர்கிறது. கணவன்மார் படையில் இருக்க, சந்தைக்கும் சமையலுக்கும் சண்டைக்கும் சமாதானத்துக்கும் ஓடும் பெண்கள் அவளைத் தங்களில் ஒருத்தியாக்கிக்கொள்கிறார்கள். அவள் குணமானது காதலால் மட்டும் என்று நினைப்பவர்கள் பாதிக் கதையைத்தான் பார்த்திருக்கிறார்கள். சியோல் திரும்பியபின் அவள் ஏங்குவது ஒரு ஆளுக்காக மட்டுமல்ல, ஒரு ஊருக்காகவும்தான்.

இந்தக் கிராமம் கொடுத்த மிகப் பெரிய பாத்திரம் ஜொங் மான்-பொக். நடித்தவர் கிம் யொங்-மின். அவன் வேலை, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பிறர் வீடுகளில் பேசுவதைக் கேட்டு எழுதுவது. ஊர் அவனை அருவருக்கிறது. அவன் மகனைப் பிற பிள்ளைகள் சேர்த்துக்கொள்வதில்லை. அவனுக்கு ஒரு காலத்தில் உதவி செய்த நல்ல மனிதன் ஜொங்-ஹ்யொக்கின் அண்ணன். அந்த அண்ணனை ஒட்டுக்கேட்கும்படி மேலதிகாரி மிரட்டினான். மறுத்தால் குடும்பம் போகும். கேட்டான், கொடுத்தான், அந்த மனிதன் கொல்லப்பட்டான். இப்போது தம்பியின் வீட்டையும் ஒட்டுக்கேட்கச் சொல்கிறார்கள். அவன் காதில் விழுவது சதித்திட்டங்கள் அல்ல; சாப்பாட்டுச் சண்டை, கேலி, ஒருவரை ஒருவர் சீண்டிச் சிரிக்கும் சத்தம். 2006இல் வந்த ‘தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்’ என்ற ஜெர்மன் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மனிதனை உடனே அடையாளம் தெரியும். ஆனால் அந்தப் படத்தில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. மான்-பொக்குக்கு மனைவி உண்டு, பள்ளியில் அடிவாங்கும் பிள்ளை உண்டு, அவர்களுக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும். அவன் குற்றவாளியா, பலியா என்ற கேள்விக்குத் தொடர் எளிய பதில் சொல்வதில்லை. அவனைத் தண்டிக்கவும் இல்லை, சும்மா மன்னித்துவிடவும் இல்லை. தான் செய்ததைத் தன் வாயால் சொல்லி, அதைச் சரிசெய்யும் வேலையை அவன் கையிலேயே கொடுக்கிறது. ஒரு ரொமான்டிக் காமெடியில் இந்தத் தரத்தில் ஒரு துணைப்பாத்திரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

3. அழகுபடுத்தல் என்ற குற்றச்சாட்டு

இதுதான் மிகக் கனமான குற்றச்சாட்டு. அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம். வடகொரியாவில் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் நடப்பதாக ஐக்கிய நாடுகள் சபையின் விசாரணை ஆணையம் 2014இல் ஆவணப்படுத்தியது. அரசியல் கைதிகள் முகாம், சித்திரவதை, பட்டினி எல்லாம் அந்த அறிக்கையில் இருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டில் காதல் காமெடியா? கிராமம் இவ்வளவு சுத்தமாக இருக்குமா? சிப்பாய்கள் இவ்வளவு புஷ்டியாக இருப்பார்களா? ஆளும் கிம் குடும்பத்தைத் தொடர் நேரடியாகத் தொடவே இல்லையே? 2020 ஜனவரியில் தென்கொரியாவின் ஒரு சிறிய கிறிஸ்தவக் கட்சி, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை மீறி வடக்கைப் புகழ்வதாகச் சொல்லி இந்தத் தொடர்மீது போலீசில் புகாரே கொடுத்தது.

சில விஷயங்களை ஒப்புக்கொள்கிறேன். ஊர் நிஜத்தைவிடச் சுத்தம். முகங்கள் நிஜத்தைவிடச் செழுமை. முகாம்களுக்குள் கேமரா போவதில்லை. இவை உண்மை.

ஆனால் அழகுபடுத்தும் தொடரில் என்னவெல்லாம் இருக்கக் கூடாதோ அவையெல்லாம் இதில் இருக்கின்றன. இரவில் வீடு புகுந்து விருந்தாளிகளைச் சோதிக்கும் படை. சுவருக்குள் ஒட்டுக்கேட்புக் கருவி. தலைநகர் போக அனுமதிச் சீட்டு. மின்சாரம் நின்றதும் வெட்டவெளியில் இரவு முழுவதும் அசையாமல் நிற்கும் ரயில், அதை எதிர்பார்த்துக் காத்திருந்ததுபோல் சாப்பாடும் போர்வையும் விற்க ஓடிவரும் வியாபாரிகள். அகழ்ந்தெடுத்த புதையல்களைக் கடத்தும் பாதுகாப்பு அதிகாரி, சாட்சிகளை லாரி ஏற்றிக் கொல்லும் அவன் ஆட்கள். எந்த ஆட்சி இப்படிப் புகழப்பட விரும்பும்?

அந்த ரயில் காட்சி எவ்வளவு தெரிந்து எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1990களின் நடுவில் வடகொரியாவில் பெரும் பஞ்சம் வந்தது. அரசின் ரேஷன் முறை குலைந்தது, லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் பிழைத்தது ‘ஜாங்மாதாங்’ எனப்படும் சந்தைகளால். ஆண்கள் சம்பளம் இல்லாவிட்டாலும் அரசு வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதால் சந்தையை நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொடரில் வரும் சந்தைக் கடைகளில் தென்கொரியப் பொருள்கள் துணிக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. ஆள் பார்த்து எடுத்துக் காட்டுகிறார்கள். வடகொரியாவிலிருந்து தப்பிவந்த, அங்கே பாதுகாப்புப் படையிலும் சினிமாவிலும் இருந்த குவாக் மூன்-வான் இந்தத் தொடரின் எழுத்துக் குழுவில் பணிபுரிந்தார். தப்பிவந்தவர்கள் பலரிடம் கேட்டுத்தான் அன்றாடத்தை அமைத்தார்கள். முகாமைக் காட்டும் ஆவணப்படம் செய்ய முடியாத ஒன்றை இது செய்கிறது: அந்த ஆட்சிக்குக் கீழே கோடிக்கணக்கானோர் எப்படி விடிந்து எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சந்தைக்குப் போய் நாளை ஓட்டுகிறார்கள் என்பதை.

வடக்கும் சும்மா இருக்கவில்லை. 2020 மார்ச்சில் அதன் பிரச்சாரத் தளம் ஒன்று, தெற்கின் அண்மைப் படங்களும் தொடர்களும் தங்கள் நாட்டை இழிவுபடுத்துவதாகக் கண்டித்தது. இந்தத் தொடரையும் மனதில் வைத்தே அது எழுதப்பட்டதாகச் செய்தியாளர்கள் கருதினார்கள். இரு தரப்பும் திட்டியதால் தொடர் நடுநிலையானது என்று வாதிட மாட்டேன். அது சோம்பேறி வாதம். நான் பார்ப்பது வேறு. அதே ஆண்டு டிசம்பரில் வடகொரியா ஒரு சட்டம் போட்டது. தென்கொரியப் படம், தொடர் பார்த்தால் ஐந்து முதல் பதினைந்து ஆண்டுகள் கட்டாய உழைப்பு. பரப்பினால் மரண தண்டனைவரை. தெற்கின் கதைகள் எல்லை தாண்டுவதை அந்த அரசு எவ்வளவு அஞ்சுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? புகார் கொடுத்த கட்சி ஆட்சியையும் மக்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டது. மக்கள் சிரிப்பதைக் காட்டினால் அவர்களை ஆள்பவர்களை மன்னித்துவிட்டதாகப் பொருளாகாது.

இன்னொரு கோணத்திலும் இந்தக் குற்றச்சாட்டு வருகிறது. பார்க் ஜி-யுன் முன்பு ‘மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்’ தொடரில் வேற்றுக்கிரகவாசியைக் கொண்டுவந்தார், ‘தி லெஜண்ட் ஆஃப் தி ப்ளூ சீ’ தொடரில் கடற்கன்னியை. வடகொரியாவும் அவருக்கு அப்படியொரு விசித்திர லோகம்தான், காதலுக்கு ஒரு பின்னணித் திரை என்கிறார்கள். முந்தைய தொடர்களில் விசித்திரமானவர் நம் ஊருக்கு வருவார், ஊர் அவரை வேடிக்கை பார்க்கும். இங்கே விசித்திரமானவள் செ-ரிதான். அடுப்பு மூட்டத் தெரியாத, சேர்ந்து சாப்பிடத் தெரியாத, அண்டை வீட்டாரோடு பழகத் தெரியாத பணக்காரத் தென்கொரியப் பெண்ணை அந்தக் கிராமம் வேடிக்கை பார்க்கிறது. சூத்திரம் பழையதுதான், ஆனால் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. அதில்தான் இந்தத் தொடரின் புத்திசாலித்தனம்.

4. சியோலில் உண்மையில் நடந்தது

பத்தாவது எபிசோடின் முடிவில் ஜொங்-ஹ்யொக் சியோலில் செ-ரி முன்னால் வந்து நிற்கிறான். விறுவிறுப்பு இங்கே தொடங்குகிறது என்கிறார்கள். இங்கே தொடங்குவது வேறு ஒரு தொடர், நாம் ஏற்கெனவே நூறு தடவை பார்த்த தொடர்.

வடக்கில் ஆபத்து எல்லா இடத்திலும் இருந்தது. சுவரில், ரயிலில், அண்டை வீட்டுக்காரியின் கேள்வியில். தெற்கில் அது ஒரே ஆளின் கைத்துப்பாக்கிக்குள் சுருங்கிவிடுகிறது. பாதுகாப்பு அதிகாரி ஜோ சொல்-காங் எல்லை தாண்டி சியோலுக்கே வந்து பழிவாங்க அலைகிறான். வடக்கில் அவன் ஓர் அமைப்பின் முகம். அவன் இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் இன்னொருவன் உட்காருவான். சியோலில் அவன் வெறும் வில்லன். அவன் செத்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆட்சியின் கொடுமையை ஒரு கெட்டவனின் கொடுமையாகக் குறைத்த இடம் இதுதான். வடகொரியாவைப் பற்றி இந்தத் தொடர் பொய் சொல்கிறது என்றால் கிராமத்தில் அல்ல, இந்தத் துரத்தலில்தான் சொல்கிறது. அழகுபடுத்தல் என்று கூவியவர்கள் இதைக் கவனிக்கவே இல்லை.

குண்டுகளும் மருத்துவமனைக் கட்டில்களும் வரிசையாக வருகின்றன. வடக்கில் அவளுக்காக அவன் குண்டு வாங்கினான். சியோலில் அவனுக்காக அவள் வாங்குகிறாள். பிறகு மறுபடியும் அவள் உயிர் ஊசலாடுகிறது. ஒருவர் நினைவிழந்து கிடக்க மற்றவர் கட்டிலருகே அழுதால்தான் காதல் தெரியும் என்று எழுத்தாளருக்குத் திடீரென்று சந்தேகம் வந்ததுபோல் இருக்கிறது. வெந்நீர்த் தொட்டியிலும் மெழுகுவத்தியிலும் தெரிந்த காதலுக்கு இந்தச் சாட்சியங்கள் எதற்கு?

ஸ்விட்சர்லாந்து முன்கதை இதைவிடப் பெரிய தவறு. இருவரும் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே சந்தித்திருந்தார்கள், சாக நினைத்தவளை அவன் பியானோ இசை காப்பாற்றியிருந்தது என்று தொடர் சிறிது சிறிதாக அவிழ்க்கிறது. ரசிகர்கள் இதைக் கேட்டு உருகுகிறார்கள். விதி முன்பே முடிவு செய்துவிட்டது என்றால் அந்தக் கிராமத்தில் நடந்தவற்றுக்கு என்ன மதிப்பு? எதிரி நாட்டுப் பெண் ஒருத்தியைக் காட்டிக்கொடுப்பதா காப்பாற்றுவதா என்று ஒரு மனிதன் தினம் தினம் எடுத்த முடிவால் பிறந்த காதல், இப்போது முன்பே எழுதிவைத்த கணக்காகிவிடுகிறது. தன் சிறந்த பகுதியைத் தொடரே இங்கே மதிப்பிழக்கச் செய்துவிட்டது.

ஜொங்-ஹ்யொக்கின் கீழிருந்த நான்கு சிப்பாய்களும் மான்-பொக்கும் சியோலுக்கு வரும் காட்சிகள் இனிமையானவை, மறுக்க மாட்டேன். ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ தொடரை ஒளித்து ஒளித்துப் பார்த்து வசனம்வரை மனப்பாடம் செய்த சிப்பாய் கிம் ஜு-மொக், அதன் நாயகி சோய் ஜி-வூவை நேரில் சந்திக்கும் காட்சியில் அவன் முகம் மறக்க முடியாதது. ஆனால் சிரிப்பின் தராசு இங்கே சாய்ந்துவிடுகிறது. கிராமத்தில் செ-ரி தடுமாறினாள், ஊரும் தடுமாறியது. சிரிப்பு இரு பக்கமும் போனது. சியோலில் வடக்கத்தியர்கள் வறுத்த கோழியையும் கடைகளையும் பார்த்து வாய் பிளக்கிறார்கள், அவ்வளவுதான். தெற்கு எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொடர் ஒளிபரப்பாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2019 ஜூலை இறுதியில், சியோலின் ஒரு குடியிருப்பில் வடகொரியாவிலிருந்து தப்பிவந்த ஒரு தாயும் ஆறு வயது மகனும் இறந்து கிடந்தார்கள். வீட்டில் சாப்பாடு இல்லை. பட்டினியால் செத்திருக்கலாம் என்ற சந்தேகம் நாட்டையே உலுக்கியது. வடக்கின் மின்வெட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்த்த எழுத்தாளர், தெற்கு தன் வாசலுக்கு வந்த வடக்கத்தியரை எப்படி நடத்துகிறது என்பதைப் பார்க்கவே இல்லை. அழகுபடுத்தல் என்ற சொல்லை எங்காவது பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், சியோலுக்குப் பயன்படுத்துங்கள்.

5. தாண்டப்படாத எல்லை

எல்லை தாண்டிய காதல் என்று கொண்டாடுகிறார்கள். எந்த எல்லை?

ஜொங்-ஹ்யொக் சாதாரண கேப்டன் இல்லை. அவன் அப்பா ராணுவத்தின் அரசியல் தலைமையகத்தின் இயக்குநர், நாட்டின் மிகச் சக்திவாய்ந்தவர்களில் ஒருவர். செ-ரி பெரும் தொழில் குழுமத்தின் மகள், தானே ஒரு நிறுவனத்தின் தலைவி. அவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த சொ தானின் அம்மா பியோங்யாங்கில் டிபார்ட்மென்ட் ஸ்டோர் முதலாளி. அரசியல் எல்லை ஒன்றுதான் இவர்களுக்கு நடுவே நிற்கிறது. வர்க்கத்தில் மூவரும் ஒரே மேசையில் உட்காரக்கூடியவர்கள். கதையின் ஒவ்வொரு முடிச்சும் எப்படி அவிழ்கிறது என்று பாருங்கள். அப்பாவின் பதவி, அல்லது செ-ரியின் பணம். எல்லையில் ஒப்படைக்கப்பட்டுத் திரும்பும் வழியில் கொல்லப்பட இருந்த ஜொங்-ஹ்யொக்கையும் அவன் ஆட்களையும் அப்பா வந்து மீட்கிறார். கடைசியில் காதலர்கள் சந்திக்க வழி செய்வது செ-ரி பணம் போட்டு நடத்தும் இசை உதவித்தொகைத் திட்டம்.

அப்பாவும் பணமும் இல்லாதவர்களுக்கு என்ன நடக்கிறது? மோசடி செய்துவிட்டு வடக்கில் ஒளிந்திருந்து, அங்கே சொ தானைக் காதலிக்கும் கு செங்-ஜுன், குடும்பத்தின் பலமோ பதவியோ இல்லாதவன். நான்கு காதலர்களில் அவன் ஒருவன்தான் சாகிறான். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இந்தக் கதையின் தர்க்கப்படி காப்பாற்ற ஆளில்லாதவன் சாக வேண்டியதுதான். அவன் மரணம் நியாயமா என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அவன் ஏன் சாகும்படி எழுதப்பட்டான் என்று கேட்பவர்கள் குறைவு.

இந்தப் பலவீனத்தைச் சரியாகப் பெயர் சொல்லிச் சுட்டாததன் விளைவையும் பார்த்துவிட்டோம். 2024இல் பார்க் ஜி-யுன் ‘குவீன் ஆஃப் டியர்ஸ்’ எழுதினார். இறுதி எபிசோடு ஏறக்குறைய 25 சதவீதம் பெற்று இந்தத் தொடரின் சாதனையை முறியடித்தது. அதிலும் பெரும் தொழில் குடும்பம். அதிலும் குடும்பம் சொத்திழந்து ஒரு கிராமத்து வீட்டில் வந்து தங்கும் பகுதிகள்தான் மிகச் சிறந்தவை. அதிலும் இரண்டாம் பாதியில் நோய், நினைவிழப்பு, துப்பாக்கியோடு துரத்தும் ஒரே ஒரு வில்லன். கிராமத்தை நிரப்பல் என்றும் துரத்தலை விறுவிறுப்பு என்றும் அழைத்துக்கொண்டே இருந்தால், எழுதுகிறவர்கள் எதை அதிகம் தருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

6. முடிவு சப்பென்று இல்லை

இதில் நான் தொடரின் பக்கம். ஆண்டுக்கு இரண்டு வாரம் ஸ்விட்சர்லாந்தில் சந்திப்பு, மீதி நாட்கள் பிரிவு. பாதியில் விட்டதுபோல் இருக்கிறது என்கிறார்கள். 1953இல் போர்நிறுத்தம் ஆனதிலிருந்து பிரிந்த குடும்பங்களில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் தென்கொரியாவில் சந்திப்புக்குப் பதிவு செய்தார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டோர் காத்திருந்தே இறந்துவிட்டார்கள். 2000 முதல் நடந்த சந்திப்புகளில் வாய்ப்புக் கிடைத்தவர்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதுவும் மூன்று நாளில் சில மணி நேரம். கடைசிச் சந்திப்பு 2018 ஆகஸ்டில் கும்காங் மலையில் நடந்தது. இந்தக் கணக்கோடு பார்த்தால் இரண்டு வாரம் என்பது பெரும் பேறு. கல்யாணம், குழந்தை, ஒரே வீடு என்று முடித்திருந்தால் அதுதான் மன்னிக்க முடியாத பொய்யாக இருந்திருக்கும். அந்த இரண்டு வாரமும் பணமும் பதவியும் உள்ளவர்களுக்குத்தான் வாய்த்தது என்பது மட்டும் என் குறை.

இனிமேல் இந்தத் தொடரைப் பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் பத்து எபிசோடுகளில் ஒரு நிமிடத்தைக்கூட ஓட்டாதீர்கள். நேரம் போதாது என்றால், பத்தாவதற்குப் பிறகு வரும் துப்பாக்கிச் சண்டைகளை ஓட்டிவிடுங்கள். கதையில் எதுவும் குறையாது.